குளிக்க ஓர் ஏரி, படுக்க ஒரு குடில்

விடுதிகளின் கதவுகள் மூடியிருந்த காலத்தில் அமெரிக்கக் கறுப்பர்கள் வடக்கு மிச்சிகன் காட்டுக்குள் தங்களுக்கென்று ஒரு கோடையை உருவாக்கிக்கொண்டார்கள். கதவுகள் திறந்தபோது அந்தக் கோடை முடிந்தது.

மிச்சிகன்காரர்களிடம் சொந்த ஊர் எங்கே என்று கேட்டால் வரைபடத்தைத் தேட மாட்டார்கள். உள்ளங்கையை விரித்து ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுவார்கள். மாநிலத்தின் கீழ்ப்பகுதி கையுறை வடிவத்தில் இருப்பதால் வந்த வழக்கம் இது. குளிர்காலம் நீண்ட இந்த மாநிலத்தில் கோடைக்குத் தனி மரியாதை உண்டு. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வரும் மெமோரியல் டேயில் தொடங்கி செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான லேபர் டேயோடு சீசன் முடிந்துவிடும். அந்த மூன்று மாதங்களில் "வடக்கே போகிறோம்" என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. ஒரு சிறிய ஏரி, கரையில் மரத்தாலான காட்டேஜ், தண்ணீருக்குள் நீளும் படகுத்துறை, தூண்டில், இரவு ஒன்பது மணி தாண்டியும் அணையாத வெளிச்சம் - எல்லாம் அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் அடக்கம்.

மாநிலத்தைச் சுற்றிக் கடல் போன்ற பேரேரிகள் இருந்தாலும் குடும்பங்கள் தேடிப் போவது உள்நாட்டு ஏரிகளைத்தான். பனிப்பாறைகள் உருகி விலகியபோது விட்டுச்சென்ற பள்ளங்களில் தேங்கிய இந்த ஏரிகள் மிச்சிகனில் 11,000க்கும் மேல் உள்ளன. அலை கிடையாது. அக்கரை கண்ணுக்குத் தெரியும். குழந்தை எங்கே நீந்துகிறது என்பதைச் சமையலறை ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

விடுமுறைத் திட்டமும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காட்டேஜுகள் பெரும்பாலும் வாரக் கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. கோடையில் இடம் வேண்டுமானால் பனி கொட்டும்போதே பதிவு செய்தாக வேண்டும். ஜூனில் போனால் கொசு. ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டமும் இருக்கும். கோடையிலும் இரவில் குளிரலாம் என்பதால் கம்பளிச் சட்டை அவசியம். 17 வயது நிரம்பியவர்கள் மீன் பிடிக்க லைசென்ஸ் எடுக்க வேண்டும். கடை தூரத்தில் இருக்கும் என்பதால் மளிகைச் சாமான்களை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

ஆனால் ஒரு காலத்தில் அமெரிக்காவின் கறுப்பினக் குடும்பங்கள் போட்ட பட்டியலில் இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி இருந்தது. நம்மை உள்ளே விடுவார்களா?

அந்தக் கேள்விக்குப் பதிலாக உருவான ஊர்தான் ஐடில்வைல்ட். மாநிலத்தின் மேற்குப் பகுதியில் லேக் கவுண்டியில், பால்ட்வின் என்ற சிற்றூருக்குச் சற்றுக் கிழக்கே, காட்டுக்குள் ஒரு சின்ன ஏரியைச் சுற்றி இது அமைந்திருக்கிறது. சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். டெட்ராய்ட்டிலிருந்து சுமார் 350.

தண்ணீருக்காக இவ்வளவு தூரம் ஏன் வர வேண்டும்? சிகாகோ நகரமே மிச்சிகன் பேரேரியின் கரையில்தான் இருக்கிறது. அதற்கான பதில் 1919ஆம் ஆண்டு ஜூலை 27இல் இருக்கிறது. அன்று கடுமையான வெயில். யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் நண்பர்களோடு ஒரு தெப்பத்தில் மிதந்துகொண்டிருந்தான். சிகாகோ ஏரிக்கரையில் வெள்ளையர் குளிக்கும் பகுதி, கறுப்பர் குளிக்கும் பகுதி என்று ஒரு பிரிவினை இருந்தது. சட்டத்தில் எழுதப்படாத, தண்ணீரில் கண்ணுக்கே தெரியாத கோடு. தெப்பம் அந்தக் கோட்டைத் தாண்டியது. கரையிலிருந்து கற்கள் பறந்தன. சிறுவன் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைக் கைது செய்யப் போலீஸ்காரர் மறுக்க, நகரம் பற்றி எரிந்தது. சில நாள் கலவரத்தில் 38 பேர் உயிரிழந்தார்கள்; அவர்களில் 23 பேர் கறுப்பர்கள்.

டெட்ராய்ட்டிலும் நிலைமை பெரிதாக மாறுபடவில்லை. 1945இல் சாரா எலிசபெத் ரே என்ற இளம்பெண் தன்னுடன் படித்த தோழிகளோடு, ஆற்றின் நடுவே உள்ள ஓர் உல்லாசத் தீவுக்குச் செல்லும் கப்பலில் ஏறினார். அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான் கறுப்பர். அவரை மட்டும் இறக்கிவிட்டார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1948இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒரு நாள் உல்லாசப் பயணத்துக்கு மூன்று ஆண்டு வழக்கு.

ஐடில்வைல்டின் கதை இவற்றுக்கெல்லாம் முன்பே, 1912இல் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் வெள்ளையர்கள், நோக்கம் வியாபாரம். வடக்கு மிச்சிகனின் பைன் காடுகளை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக் கம்பெனிகள் மொட்டையடித்துவிட்டன. மிஞ்சியது மணல் தரை. விவசாயத்துக்கு உதவாது, வாங்குவாரும் இல்லை. எராஸ்டஸ் பிராஞ்ச் என்பவரும் அவருடைய மனைவியும் சிகாகோவைச் சேர்ந்த சில கூட்டாளிகளும் சேர்ந்து ஏரியைச் சுற்றி சுமார் 2,700 ஏக்கரைக் கைவசப்படுத்தினார்கள். சிகாகோ, டெட்ராய்ட் போன்ற நகரங்களில் கறுப்பர்களிடையே டாக்டர்கள், வக்கீல்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள் என ஒரு நடுத்தர வர்க்கம் தலையெடுத்திருந்தது. அவர்கள் கையில் கொஞ்சம் பணமும் இருந்தது, கோடையில் கொஞ்சம் ஓய்வும் இருந்தது. ஓய்வெடுக்கத்தான் இடமில்லை. இதைக் கம்பெனி சரியாகக் கணக்குப் போட்டது.

25 அடி அகலம், 100 அடி நீளம் கொண்ட மனை ஒன்று 35 டாலர். முன்பணம் 6 டாலர். மீதிக்கு மாதம் ஒரு டாலர் என்று தவணை. நகரங்களில் கறுப்பின ஏஜென்ட்டுகளை நியமித்து, இடத்தைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டமாக அழைத்துவந்து காட்டினார்கள். உடனே தங்குவதற்கென்று ஒற்றை அறைக் குடில்கள் வரிசையாகக் கட்டப்பட்டன. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவுக்குச் சிறியவை. வந்தவர்கள் சிரித்துக்கொண்டே அவற்றுக்கு 'நாய் வீடு' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் கேலி இருந்தாலும் பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்ததே, அது பெரிய விஷயம்.

ஊருக்கு மதிப்புச் சேர்த்தவர் டாக்டர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ். கறுப்பின நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இடம் தர வேண்டும் என்று 1891இல் சிகாகோவில் பிராவிடன்ட் மருத்துவமனையை நிறுவியவர். 1893இல் அங்கே, கத்திக்குத்துப்பட்ட ஒருவரின் மார்பைத் திறந்து இதயத்தின் உறையில் இருந்த காயத்தைத் தைத்து உயிர் பிழைக்கவைத்தவர். மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற அந்தக் கைகள் கடைசிக் காலத்தில் ஐடில்வைல்ட் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தன. ஏரியில் உள்ள தீவுக்கு இன்று அவர் பெயர்தான். 1931இல் அவர் காலமானதும் இந்த ஊரில்தான்.

சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸும் இங்கே மனை வாங்கினார். தான் ஆசிரியராக இருந்த 'கிரைசிஸ்' இதழில் 1921இல் இந்த ஊரைப் புகழ்ந்து எழுதினார். நிறவெறிக்கு எதிராக ஓயாமல் எழுதியவருக்கும் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைக்க ஓரிடம் தேவைப்பட்டது.

1920களில் ரயில் நிலையமும் தபால் நிலையமும் வந்துவிட்டன. ஆனால் கார்தான் இந்த ஊரை வளர்த்தது. டெட்ராய்ட் தொழிற்சாலைகளில் சம்பாதித்தவர்கள் தாங்கள் செய்த கார்களிலேயே வடக்கே வரத் தொடங்கினார்கள். சொந்தக் கார் இருந்தால் பஸ்ஸிலும் ரயிலிலும் பட வேண்டிய அவமானங்கள் குறையும். குறையுமே தவிர, தீராது. காருக்குப் பெட்ரோல் வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடும் கழிப்பறையும் வேண்டும்.

அதனால் பயணத்துக்கு முந்தைய நாள் வீடு அமர்க்களப்படும். பொரித்த கோழி, அவித்த முட்டை, ரொட்டி, கேக் எல்லாம் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிகளில் அடுக்கப்படும். வழியில் ஹோட்டல் சாப்பாட்டை நம்ப முடியாது. காப்பிப் பொடி டின் ஒன்று காலியாக எடுத்து வைக்கப்படும். கழிப்பறைச் சாவியைத் தர மறுக்கும் பெட்ரோல் பங்க்குகளை நினைத்து. எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். பொழுது சாய்வதற்குள் கறுப்பர்கள் வெளியேறிவிட வேண்டும் என்று எச்சரித்த ஊர்கள் தென்மாநிலங்களில் மட்டுமல்ல, வடக்கிலும் இருந்தன. பின்சீட்டுக் குழந்தைகளுக்கு இது பிக்னிக். முன்சீட்டில் இருப்பவர்களுக்குத்தான் காரணம் தெரியும்.

காரின் முன்பெட்டியில் ஒரு சிறு புத்தகமும் இருக்கும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் வெளியிட்ட 'கிரீன் புக்'. எந்த ஊரில் எந்த விடுதி, எந்த உணவகம், எந்த சலூன் கறுப்பர்களை ஏற்கும் என்ற பட்டியல்தான் அது. இப்படி ஒரு புத்தகமே தேவைப்படாத நாள் வரும் என்ற நம்பிக்கையையும் அதன் முன்னுரை பதிவு செய்திருந்தது. ஐடில்வைல்ட் அந்தப் புத்தகத்தில் இடம்பெற்ற ஊர்.

நெடுஞ்சாலையிலிருந்து மணல் பாதையில் திரும்பி மரங்களுக்கிடையே ஏரி தெரிந்ததும் திட்டங்கள் முடிந்துவிடும். எதிரே வருகிறவர் யார், எப்படிப் பார்ப்பார், என்ன சொல்வார் என்று யோசிக்க வேண்டியதில்லை. கடைக்காரர், படகு வாடகைக்கு விடுபவர், விடுதி நடத்துபவர், கடிதம் கொடுப்பவர் எல்லாரும் நம் ஆட்கள். பகலில் நீச்சல், குதிரைச் சவாரி, ரோலர் ஸ்கேட்டிங். அந்தியில் பிடித்த மீனை வறுக்கும் வாசனை. குழந்தைகள் இருட்டும்வரை வெளியே சுற்றலாம். ஏன் இன்னும் வரவில்லை என்று தாய் பயப்பட மாட்டாள்.

இரவில் ஊர் இன்னொரு முகம் காட்டும். 1950கள்தான் உச்சக்கட்டம். ஏரிக்கரையில் பாரடைஸ் கிளப், தீவில் பிளமிங்கோ கிளப். ஆர்தர் பிராக்ஸ் என்ற அமைப்பாளர் ஆட்டமும் பாட்டுமாக நடத்திய 'ஐடில்வைல்ட் ரெவ்யூ' கோடையில் இங்கே அரங்கேறி, சீசன் முடிந்ததும் வெளியூர்களுக்குப் பயணம் போனது. டெல்லா ரீஸ், ஜாக்கி வில்சன், டைனா வாஷிங்டன், பி.பி. கிங் எனப் பெரிய பெயர்கள் மேடையேறின. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற 'ஃபோர் டாப்ஸ்' குழு ஆரம்ப காலத்தில் இங்கே பாடிப் பழகியது. நல்ல கோடை நாட்களில் 25,000 பேர்வரை திரண்டார்கள் என்கிறார்கள். மனை வாங்க வசதியில்லாதவர்களும் ஒரு வாரக் கடைசிக்காவது வந்து போனார்கள். பாட்டைக் கேட்கப் பக்கத்து ஊர் வெள்ளையர்களும் வந்தார்கள். அவர்களை யாரும் வாசலில் தடுக்கவில்லை.

பிறகு 1964 வந்தது. அந்த ஆண்டு ஜூலை 2இல் கையெழுத்தான சிவில் உரிமைச் சட்டம் விடுதி, உணவகம், தியேட்டர் போன்ற பொது இடங்களில் நிறம் பார்த்து ஆளை நிறுத்துவதைத் தடை செய்தது. எத்தனையோ பேர் அடி வாங்கி, சிறை சென்று, உயிர் கொடுத்துப் பெற்ற சட்டம். அதன் பிறகு கோடை விடுமுறைக்கு மயாமி போகலாம், லாஸ் வேகாஸ் போகலாம், எந்த ஏரிக்கும் போகலாம். போனார்கள். பாடகர்களுக்கும் பெரிய ஹோட்டல்கள் கூடுதல் பணம் கொடுத்தன. சில ஆண்டுகளிலேயே ஐடில்வைல்டின் கிளப்புகளில் விளக்கு அணைந்தது. விடுதிகள் மூடின. வாரிசுகள் வராத காட்டேஜுகளின் கூரையில் பாசி படர்ந்தது. விக்டர் கிரீன் 1960இலேயே இறந்துவிட்டார். அவருடைய புத்தகமும் 1966-67 பதிப்போடு நின்றது. தேவை தீர்ந்ததால் புத்தகம் நின்றதை வெற்றி என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஊரைப் பற்றி அப்படிச் சொல்வது கடினம். புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடலாம். ஊரில் மனிதர்கள் மிஞ்சியிருந்தார்கள்: விடுதியை நம்பிக் கடன் வாங்கியவர்கள், ஓய்வுக்காலத்தை இங்கேயே கழிக்க வந்தவர்கள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள்.

இந்தியாவிலிருந்து பார்க்கும்போது இந்தக் கதையில் அந்நியமாக எதுவும் இல்லை. 1927 மார்ச் 20இல் மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தலித்துகளை அழைத்துச் சென்று சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். குளம் எல்லாருக்கும் பொது என்று நகராட்சி ஏற்கெனவே அறிவித்திருந்தது. ஆனாலும் குடித்தவர்கள் தாக்கப்பட்டார்கள்; குளத்துக்குச் 'சுத்திகரிப்பு'ச் சடங்கும் நடந்தது. உரிமையை உறுதி செய்யும் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பத்து ஆண்டுகள், 1937வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதே அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பும் மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். டு பாய்ஸ் ஆதரவோடு பதில் எழுதினார். மகாட் குளத்தில் இறங்கியவரும் ஐடில்வைல்ட் கரையில் மனை வாங்கியவரும் எழுதிக்கொண்ட அந்தக் கடிதங்களில் ஏரியும் இல்லை, குளமும் இல்லை. ஆனால் தண்ணீருக்குக்கூடக் கோடு போடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

ஒரு வேறுபாடும் உண்டு. மகாடில் கேட்டது இருக்கிற குளத்தில் சம உரிமை. ஐடில்வைல்டில் செய்தது விலை கொடுத்துத் தனி ஏரிக்கரை வாங்கியது. அதிலும் லாபம் பார்த்தவர்கள் முதலில் வெள்ளை வியாபாரிகள்தான். ஒதுக்கப்பட்டவர்கள் தாங்களாகவே ஒதுங்கிப்போவதா என்று கேட்கலாம். ஆனால் போராட்டம் முடியும்வரை குழந்தைகள் காத்திருக்க மாட்டார்கள். எட்டு வயதுப் பெண்ணுக்கு நீச்சல் கற்றுக்கொள்ள இந்தக் கோடைதான் இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு வரும் கோடையில் அவளுக்கு வயது இருபது ஆகியிருக்கும். 35 டாலர் மனை வாங்கியவர்கள் அந்தக் கணக்கைத்தான் போட்டார்கள்.

இப்போதும் ஐடில்வைல்டுக்கு ஒரு விடுமுறையைத் திட்டமிடலாம். அருகில் உள்ள பெரிய நகரமான கிராண்ட் ராபிட்ஸிலிருந்து வடக்கே சுமார் ஒன்றரை மணி நேரக் கார் பயணம். மொட்டையடிக்கப்பட்ட காடு மறுபடி வளர்ந்துவிட்டது. ஓக்கும் பைனும் சூழ்ந்த இந்தப் பகுதி மனிஸ்டி தேசிய வனத்தையொட்டி இருக்கிறது. பக்கத்தில் ஓடும் பியர் மார்க்கெட் ஆறு டிரவுட் மீனுக்குப் பேர்போனது. மளிகைக்கும் பெட்ரோலுக்கும் பால்ட்வின் போக வேண்டும். நவம்பர் 15இல் மான் வேட்டை சீசன் தொடங்கிவிடும் என்பதால் அதற்கு முன்பே காட்டு நடையை முடித்துக்கொள்வது நல்லது. அதன் பின் ஏரி உறைந்து, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பவர்களின் காலம் ஆரம்பமாகும்.

பெரிய எதிர்பார்ப்போடு போகக் கூடாது. நிரந்தரமாக வசிப்பவர்கள் சில நூறு பேர்தான். லேக் கவுண்டி மிச்சிகனின் ஏழைக் கவுண்டிகளில் ஒன்று. பாரடைஸ் கிளப் இன்று இல்லை. தீவில் பிளமிங்கோ கிளப்பின் கட்டடம் நிற்கிறது. 'நாய் வீடு'கள் சில எஞ்சியிருக்கின்றன. பழைய கதையைச் சொல்லும் காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. கோடையில் போனால் திறந்திருக்கும். 1979இல் ஐடில்வைல்ட் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. பதிவேட்டில் ஏறியதால் கூரை ஒழுகுவது நிற்காது. பாட்டி தவணையில் வாங்கிய மனையைப் பேரப்பிள்ளைகள் வைத்திருக்கிறார்களா, விற்கிறார்களா, கூரையைப் பழுது பார்க்கிறார்களா என்பதில்தான் ஊரின் எதிர்காலம் இருக்கிறது. சிலர் பழுது பார்க்கிறார்கள். சிலர் ஓய்வு பெற்றதும் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். எங்கு வேண்டுமானாலும் போகக்கூடிய காலத்தில் அவர்கள் தேர்ந்தெடுத்து வருகிற இடம் இது.

மற்றபடி மிச்சிகனின் மற்ற சிறிய ஏரிகளில் என்ன உண்டோ அதுதான் இங்கேயும் உண்டு. காலையில் தண்ணீர் மேல் பனிமூட்டம். மதியம் படகுத்துறையின் பலகை காலைச் சுடும். மாலையில் கொசு வரும், நெருப்பு மூட்டுவார்கள், யாராவது பாடுவார்கள். இருட்டிய பிறகும் தண்ணீரில் சிறுவர்களின் சத்தம் கேட்கும். மேலே வாருங்கள் என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். இன்னும் ஐந்தே நிமிஷம் என்று பதில் வரும். எந்தக் கோட்டையும் தாண்டாமல் அவர்கள் அக்கரைவரை நீந்திப் போகலாம்.